பச்சை அரக்கனின் ரோஸ் தாடை

பல்செட்டுக்காரருக்குப் பச்சையும் ரோஸும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. ஐம்பத்தேழு வயதுவரை இந்தச் சங்கதியை அவர் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எப்படிப் பிழைப்பது? பொய்ப்பல் செய்வதல்லவா அவர் தொழில்! பல்லுக்கு நிறம் பார்க்க வேண்டும், ஈறுக்கு நிறம் பார்க்க வேண்டும். கண் தெரியாதவன் கார் ஓட்டினேன் என்று சொல்வது மாதிரி ஆகிவிடும்.

பல்லைப் பற்றிக் கவலையில்லை. பல் எல்லாம் வெள்ளைதானே. எது பளிச்சென்ற வெள்ளை, எது டீ குடித்த வெள்ளை என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஈறுதான் வம்பு. வெளிர் ரோஸ், அழுத்தமான ரோஸ், கொஞ்சம் கருமை தட்டிய ரோஸ் என்று ஏழெட்டு பாட்டில் பிளாஸ்டிக் பொடி. அதற்கு அவர் மனைவியைத்தான் கூப்பிடுவார்.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வா. உன் கண்ணுக்கு எது சரின்னு படுது?"

அந்த அம்மாள் பாலிஷ் சக்கரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வருவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. புருஷன் அச்செடுத்துப் பல் அடுக்குவார், மனைவி பாலிஷ் போடுவார். டாக்டர் அனுப்பிய ஈறு நிற மாதிரித் துண்டைப் பாட்டிலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது" என்பார்.

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்பார் பல்செட்டுக்காரர்.

இருபத்தொன்பது வருஷம் இப்படியே ஓடியது. கேட்டதில் தப்பில்லை. அந்த 'நானும்' என்று ஒன்று சொன்னாரே, அதுதான் தப்பு. அந்த ஒரு சொல்லை நம்பி அந்த அம்மாள் ஒரு மாளிகையே கட்டிக் குடியிருந்தார். தங்கச்சி போன் செய்யும்போதெல்லாம் தவறாமல் ஒரு வரி விழும்: "எங்க வீட்ல ஒரு ஈறு வைக்கிறதுன்னாலும் என்னைக் கேக்காம நடக்காதுடி. உங்க வீட்ல அவ்ளோ பெரிய சோபா வந்து எறங்குச்சே, உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" தங்கச்சி பேச்சை மாற்றிவிடுவார். அந்தச் சோபா வந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்னமும் அது அக்காவுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

இனி அலமாரிக்கு வருகிறேன். படுக்கையறையில் கண்ணாடி போட்ட அலமாரி. உள்ளே எழுபத்துமூன்று பேர். பாதிப் பேர் ரோபோக்கள். அப்படியே நிற்கிற ரோபோ இல்லை, மடக்கினால் லாரி, நிமிர்த்தினால் ஆள். மார்புக்குள் தலையை இழுத்துக்கொண்டு, காலைப் பின்னுக்கு மடித்து, கையைக் கதவாக்கி, கடைசியில் ஒரு டிராக்டராகிவிடும். மீதிப் பேர் அரக்கர்கள். வாலுள்ளவன், கொம்புள்ளவன், முதுகில் சாவி கொடுத்தால் கிர்ரென்று நடக்கிறவன். எல்லாம் நாற்பது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சரக்கு. அந்த அம்மாள் துணி மாற்றும்போது அலமாரியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். கேட்டால், "அத்தனை பேரு பாக்குறாங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்பார்.

இவ்வளவு இருந்தும் மனுஷனுக்கு ஒரு குறை. ஒரு கிரேன் லாரி. நிமிர்த்தினால் கொக்கியே கையாகிற ரோபோ. ஒன்பது வயதில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தது. அப்பா, "அடுத்த வருஷம் பாக்கலாம்டா," என்றார். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் கடையே பாங்க் ஆகிவிட்டது. அன்றிலிருந்து தேடுகிறார்.

அந்தக் கிரேன் இருக்கிற இடமும் அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் தலை நரைத்தவர்கள், எல்லார் கையிலும் துணியில் சுற்றிய பொம்மை. அங்கே காசுப் பேச்சு கிடையாது, பொம்மைக்குப் பொம்மை மாற்றுதான். அதற்கு ஒரே ஒரு சட்டம். பொம்மையை மேசையில் வைக்கிறவன், வைக்கும்போதே வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒட்டுப்போட்டது, பெயின்ட் தொட்டது, புதுக் கால் வைத்தது என்றால் "கைபட்டது." தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் "கைபடாதது." பொய் சொன்னவன் மறுபடி அந்தப் படியேற முடியாது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்தான் தலைவர். எல்லாருக்கும் அவர் 'ஸ்டியரிங்.' கிரேனுக்குச் சொந்தக்காரர் மருந்துக் கடைக்காரர். அவர் பெயர் 'மாத்திரை.'

மாத்திரை கிரேனைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. "முதலைத் தலை அரக்கன் கொண்டா, தரேன்," என்றார். பச்சை உடம்பு, சின்ன இறக்கை, முதலை வாய். அது ஒன்று பல்செட்டுக்காரரிடம் இருக்கத்தான் இருந்தது. ஆனால் கீழ்த்தாடை இல்லை.

"தாடையில்லாத முதலைய வச்சு நான் என்ன பண்ண? கஞ்சி ஊத்தவா?" என்றார் மாத்திரை. "செஞ்சு மாட்டிக் கொண்டா. கைபட்டதுன்னு சொல்லியே குடு, நான் வாங்கிக்கிறேன். ஆனா பாத்தா தெரியக் கூடாது."

தாடை செய்யச் சொல்லிப் பல்செட்டுக்காரரிடமே கேட்டால்? மனுஷன் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தார்.

வந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தார். அரக்கனின் தலை ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் இறுகிப்போய், வாயைத் திறந்து அளவெடுக்க வரவில்லை. சுடுதண்ணீரில் போட்டால் இளகும். கைக்கு அகப்பட்டது பால் காய்ச்சுகிற பாத்திரம். தண்ணீர் ஊற்றி, தலையைப் போட்டு, மூடி வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

அந்த அம்மாள் டீ போட வந்து மூடியைத் திறந்தார். உள்ளிருந்து இரண்டு கண்கள் ஆவி பறக்க அவரைப் பார்த்தன.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

"ஏங்க! இது பால் பாத்திரம்! பால் பாத்திரத்துல தலைய வேக வச்சிருக்கீங்க!"

"வேக வைக்கலம்மா, இளக வச்சேன்."

"எனக்கு வித்தியாசம் சொல்ல வராதீங்க. பட்டறைல இருக்கிற பாத்திரம் போதாதுன்னு அடுப்படிக்கு வந்தாச்சு. நாளைக்கு என் தலையணைல ஒரு வால் கெடக்கும். இன்னையோட சரி. உங்க பொம்மை சமாச்சாரம் எதுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. இது எப்படி, அது எப்படின்னு என் கண்ணைக் கேக்கவே கூடாது. சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட அம்மாள்.

பல்செட்டுக்காரர் தாடை செய்தார். மெழுகில் பிடித்து, ஒவ்வொரு பல்லாகக் கூராக்கி, பித்தளைப் பெட்டியில் சாந்துக்குள் புதைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, மனுஷப் பல்செட்டுக்குச் செய்கிற அத்தனையும் முதலைக்குச் செய்தார். மெழுகு போன குழியில் திணிக்கப் பொடி வேண்டும். பச்சைப் பொடி பட்டறையில் இருந்தது. பல் நேராக்கப் பிள்ளைகள் போடுகிற தகடு இருக்கிறதே, அதைப் பச்சை, நீலம் என்று கேட்பார்கள், அதற்கு வாங்கியது. ஆனால் போன வாரம் அந்த அம்மாள் பாட்டில்களை ஈரத்துணியால் துடைத்ததில் இரண்டு பாட்டிலின் சீட்டுகள் உரிந்து போயிருந்தன. ஒன்று பச்சை, ஒன்று ஈறு. எது எது?

மனுஷன் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தார். அரக்கனையும் பக்கத்தில் பிடித்தார். அவர் கண்ணுக்கு மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே போய், "ஏம்மா..." என்று ஆரம்பித்தார்.

"பல்லா, பொம்மையா?"

"பொம்மை."

"அப்ப பேசாதீங்க."

திரும்பி வந்தார். ஒரு பாட்டில் அரக்கன் அளவுக்கே மங்கலாக இருப்பதாகப் பட்டது. அதைத் திறந்து கொட்டினார். அது ஈறு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூடவே வந்தார். கோபம் தீர்ந்து வரவில்லை, கூட்டம் முடிந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும். "மாடிக்கெல்லாம் நான் வர மாட்டேன்," என்று சைக்கிள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பல்செட்டுக்காரர் மேலே போய், மேசை முன்னால் நின்று, துணியைப் பிரித்தார். "கைபட்டது" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாத்திரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ! ரோஸ் தாடை!"

மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். ஸ்டியரிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். விஷயம் என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலையில் ஒருநாள் பச்சை தீர்ந்து போய், ஒரு பெட்டி அரக்கர்களுக்கு மட்டும் ரோஸில் தாடை போட்டார்களாம். யார் சொன்னது, யார் பார்த்தது, எதுவும் தெரியாது. எல்லாரும் நம்பினார்கள்.

பல்செட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ரோஸா? எது ரோஸ்? குனிந்து பார்த்தார். அரக்கன் எப்போதும் போலத்தான் இருந்தான். அப்போதுதான் அவருக்குத் தன் கையே தன்னைக் காட்டிக்கொடுத்தது புரிந்தது.

"கைபட்டது," என்றார். 

"சும்மா இருப்பா," என்றார் மாத்திரை.

"நெசமா. நான்தான் செஞ்சேன். தாடை என் வேலை."

ஸ்டியரிங் சிரித்தார். "ஏம்ப்பா, முப்பது வருஷமா பல்லு செய்யுற. உனக்குப் பச்சைக்குப் பச்சை போடத் தெரியாதா? எந்தக் கிறுக்கன் பச்சை முதலைக்கு ரோஸ் தாடை வைப்பான்?"

"இவனுக்குக் குடுக்க மனசில்ல," என்றார் மாத்திரை. "அதான் கைபட்டதுன்னு சொல்லி மதிப்பக் கொறைக்கிறான். இந்தா, புடி!" பையிலிருந்து கிரேனை எடுத்து அவர் கையில் திணித்தார்.

நாற்பத்தெட்டு வருஷம் தேடிய பொருள் உள்ளங்கையில். கனமாக இருந்தது. மனுஷன் தன்னையறியாமல் கொக்கியை இழுத்தார். டக் என்று கை வந்தது. அடுத்து இழுத்தார், தோள் வந்தது. மாத்திரை அதற்குள் அரக்கனைத் தன் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

இதில் அவர்மேல் என்ன தப்பு? சட்டப்படி வாய் திறந்து சொல்லியாயிற்று. ஒருதரம் இல்லை, இரண்டுதரம். நம்பாவிட்டால் அவரா பொறுப்பு? அப்படியே கீழே இறங்கிப் போயிருக்கலாம். உண்மையை நிரூபிக்க ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது. ஈறுப் பொடியை ஆயிரம் தடவை பாலிஷ் போட்ட கை, பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். சொல்லிவிட்டு, 'ஏன் இதைப் போட்டீங்க?' என்று கேட்கும். அதற்குப் பதில் சொன்னால் இருபத்தொன்பது வருஷமும் ஒன்றாக அவிழ்ந்து விழும். அந்த அம்மாள் குடியிருந்த மாளிகை தரைமட்டம்.

கிரேனின் காலை மட்டும் நிமிர்த்தவில்லை. அதுதான் பாக்கி. அவர் அதை நிமிர்த்தாமலேயே மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா! கொஞ்சம் மேல வா!"

"வரமாட்டேன்னு சொன்னேன்ல!"

"ஒரு நிமிஷம். பல்லு விஷயம்."

பல் என்றதும் வந்துவிட்டார். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தவருக்கு எல்லாரும் வழிவிட்டார்கள். "வாங்க அண்ணி," என்று மாத்திரை துணியைப் பிரித்துக் காட்டினார். அந்த அம்மாள் அரக்கனை எடுத்து, கட்டை விரலால் தாடையை ஒருதடவை வருடினார்.

"இது நம்ம ரெண்டாம் நம்பர் ஈறு," என்றார். "பாலிஷ்கூட சரியா போடல. ஏங்க, பச்சை இருக்கையில இத எதுக்குப் போட்டீங்க?"

 கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் பல்செட்டுக்காரர். "பச்சையும் ரோஸும் எனக்கு ஒண்ணுதான். சின்ன வயசுலேருந்தே."

அந்த அம்மாள் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். யாராவது சிரித்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அரக்கனை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

பல்செட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். மேலே மாத்திரை கிரேனைப் பையில் போட்டு ஜிப்பை இழுக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. அரக்கனை ஸ்டியரிங்தான் ஓடிவந்து கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் திடீரென்று, "அதோ வருதே, அந்த பஸ் என்ன கலரு?" என்றார்.

"பஸ் கலர்."

"வெளையாடாதீங்க."

"தெரியலம்மா."

"நம்ம வாசக் கதவு?"

"நீ பச்சைன்னு சொல்லியிருக்க."

"அப்ப இத்தனை வருஷமா 'நானும் அதத்தான் நெனச்சேன்'னு சொன்னதெல்லாம்?"

அவர் கையிலிருந்த அரக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மதிச்சுக் கேக்குறாருன்னு நெனச்சேன். கண்ணாடிய மாட்டிக்கிற மாதிரி என்னை மாட்டிக்கிட்டிருக்கீங்க." அந்த அம்மாள் தலைப்பை இழுத்துச் செருகினார். "சரி, கலர விடுங்க. கலரில்லாம ஒரு விஷயம், ஒரே ஒரு விஷயம் என்னைக் கேட்டிருக்கீங்களா? சொல்லுங்க பாப்போம்."

மனுஷன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "டீ இருக்கான்னு கேப்பேன்," என்றார்.

தங்கச்சி வீட்டுக்குப் போகாமலேயே திரும்பினார்கள்.

மூன்று நாள் பட்டறையில் சக்கரச் சத்தம் மட்டும்தான். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை. நாலாம் நாள் ஒரு வாத்தியாருக்குச் செட் செய்ய வேண்டும், மறுநாள் கொடுத்தாக வேண்டும். பாட்டில்களை முன்னால் வைத்துக்கொண்டு பல்செட்டுக்காரர் காலையிலிருந்து திருதிருவென்று விழித்தார். அந்த அம்மாள் ஏற்கெனவே பளபளத்த ஒரு பல்லை மறுபடி பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பல்செட்டுக்காரரால் முடியவில்லை.

"எனக்குக் கலர் தெரியாது. நீ சொல்லலைன்னா இந்தப் பட்டறை ஓடாது."

"கேக்கல. சக்கரச் சத்தம்."

சக்கரம் நின்றுதான் இருந்தது. அவர் இரண்டாம் தடவையும் சொன்னார், உரக்கச் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எடப்பக்கம் ரெண்டாவது," என்றார் அந்த அம்மாள்.

அன்று சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போனது. நடந்ததை நடந்தபடி சொன்னார், ஒளிக்கவில்லை. தங்கச்சி இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வட்டியோடு சிரித்தார். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, "சிரிடி," என்றார் அக்கா. "ஊர்ல பாதிப் பேரு என் கண்ணாலதான் சிரிக்கிறாங்க. உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் அந்தச் சோபாவ வாங்கினாரு?" தங்கச்சி போனை வைத்துவிட்டார்.

ரோஸ் தாடையை அந்த அம்மாளே சின்ன ரம்பத்தால் அறுத்தெடுத்தார். அந்த நேரம் பார்த்து மாத்திரை வந்து நின்றார். அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களோ என்று. குப்பைக் கூடையில் கிடந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அண்ணி! உலகத்துல ஒண்ணே ஒண்ணு அண்ணி!"

"டஜன் வேணுமா? நாளைக்கு வாங்க, செஞ்சு வைக்கிறேன்," என்றார் அவர். மாத்திரை அத்தோடு போனார். கிரேனும் அவரோடுதான் இருக்கிறது.

புதுத் தாடை பச்சையில் வந்தது. பொடி எடுத்துக் கொடுத்தது அந்த அம்மாள், பொருத்தினது இவர். பொருத்திவிட்டு அரக்கனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும், பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் வேறு ஏதோ உறுத்தியது. தாடையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். மனுஷ வாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். முதலை வாய் பிடிபடவில்லை.

"ஏம்மா, இங்க வாயேன்."

"கலரெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தானே எடுத்துக் குடுத்தேன்."

"கலரில்ல. வாய் மூட மாட்டேங்குது. எங்க இடிக்குதுன்னு எனக்குப் புரியல. உனக்கு என்ன தோணுது?"

அந்த அம்மாள் உடனே எழவில்லை. கையிலிருந்த வேலையை முடித்தார். பாலிஷ் போட்ட செட்டைத் துணியில் துடைத்தார். தண்ணீர் குடித்தார். அப்புறம்தான் வந்து, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடி பார்க்கிற நீலத்தாளை நீளமாகக் கிழித்து, அரக்கன் வாய்க்குள் வைத்துத் தாடையை அழுத்தினார்.

"பின்னால மூணாவது பல்லு ஒசரம்," என்றார். "முதலைக்குப் போய்க் கடவாப்பல் வச்சிருக்கீங்களே, அது என்ன வெத்தலையா மெல்லப் போகுது? அரத்த எடுங்க."

அவர் அரத்தை எடுத்துக் கொடுத்தார்.